‘சயூஸ்’: யூரேசியப் பொருளாதார ஒருங்கிணைப்பும் ஒப்பந்தங்களின் மொழியும்

சொல்லின் பிறப்பு

ஒரே மூலமொழியிலிருந்து கிளைக்காத மொழிகள், நெடுங்காலம் அருகருகே வழங்குவதால் ஒலியமைப்பிலும் தொடரமைப்பிலும் ஒன்றையொன்று ஒத்து அமையும் நிலப்பகுதியை மொழியியலார் மொழிப்பரப்பு என்பர். இந்திய மொழியியலாருக்கு இக்கருத்து, இந்தியாவை ஒரு மொழிப்பரப்பாகக் கண்டு மரே எமனோ 1956இல் வெளியிட்ட கட்டுரை வழியே நன்கு அறிமுகமானது. அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1923இல், ரஷ்யாவிலிருந்து வெளியேறி வாழ்ந்த என். எஸ். துருபெத்ஸ்காய் இந்நிலையைக் குறிக்க ‘யஸிக்கவோய் சயூஸ்’ என்னும் ரஷ்யத் தொடரை ஆக்கினார். ‘யஸீக்’ என்பது மொழி; ‘சயூஸ்’ என்பது ஒன்றியம். 1928இல் ஹேக் நகரில் கூடிய முதல் உலக மொழியியலார் மாநாட்டில் இத்தொடர் ‘ஷ்பிராக்புண்ட்’ என்னும் ஜெர்மன் வடிவம் பெற்றது. உலகம் இன்று அறிந்திருப்பது அந்த ஜெர்மன் வடிவத்தையே. ரஷ்ய மூலம் பெரிதும் மறக்கப்பட்டது.

1931இல் ரோமன் யாக்கப்சன் யூரேசிய மொழி ஒன்றியத்தின் இயல்புகளைப் பற்றி ரஷ்ய மொழியில் ஒரு சிறு நூலைப் பாரிஸில் வெளியிட்டார். மெய்யொலிகள் அண்ணச்சாயல் உடையன, இல்லாதன என இணையிணையாக நின்று பொருள் வேறுபடுத்தும் பண்பும், தொனி வேறுபாடு பொருளை மாற்றாத பண்பும் சேர்ந்து வழங்கும் நிலப்பகுதி எது என்பது அந்நூல் எழுப்பிய வினா. ஸ்லாவிய, துருக்கிய, பின்னோ-உக்ரிய மொழிகள் பலவும் அப்பகுதியுள் அடங்கின. அதன் எல்லை, பழைய ரஷ்யப் பேரரசின் எல்லையை ஏறத்தாழ ஒத்திருந்தது தற்செயல் அன்று. துருபெத்ஸ்காயும் யாக்கப்சனும் ‘யூரேசியர்’ என்னும் கருத்தியல் குழுவோடு தொடர்புடையோர்.

யாக்கப்சன் தம் நூலின் தலைப்பில் பெயரிட்டது ‘யெவ்ராஸிய்ஸ்கிய் யஸிக்கவோய் சயூஸ்’. 2014 மே 29 அன்று அஸ்தானா நகரில் ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் தலைவர்கள் தோற்றுவித்தது ‘யெவ்ராஸிய்ஸ்கிய் எகனமீசெஸ்கிய் சயூஸ்’. இரு பெயர்களுக்கும் இடையே ஒரு சொல்லே வேறுபாடு. மொழி இருந்த இடத்தில் பொருளாதாரம் அமர்ந்தது. இவ்விடமாற்றத்துக்கும் அக்குழுவில் ஒரு முன்னோடி உண்டு. புவியியலும் பொருளியலும் கற்ற பியோத்தர் சவீத்ஸ்கி, 1921இல் சோஃபியா நகரில் வெளியான யூரேசியரின் முதல் தொகுப்பில், கடலையும் கண்டத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். கடல்வழிச் சரக்குக் கட்டணம் குறைவு. நிலவழிக் கட்டணம் மிகுதி. கடலுக்குத் தொலைவில் உள்ள நிலங்கள் உலகச் சந்தையை மட்டும் நம்பியிருந்தால் அச்சுமை முழுவதையும் தாமே தாங்க நேரும். ஆகவே அவை தமக்குள்ளேயே கொடுக்கல் வாங்கலைப் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். தொண்ணூறு ஆண்டுகள் கழித்துச் சுங்க ஒன்றியத்தை ஆதரித்துப் பேசியோர் இதனினும் புதிதாக அதிகம் சொல்லிவிடவில்லை.

மொழியியலார் கூறும் ஒன்றியத்தில் ஒரு மொழி மற்றொன்றின் கீழ் அடங்குவதில்லை. அண்டை வாழ்வே ஒப்புமையைத் தருகிறது. பொருளாதார ஒன்றியமும் தன்னை அவ்வாறே, சமநிலை நாடுகளின் கூட்டு என்றே அறிமுகம் செய்துகொள்கிறது. அக்கூற்று எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைச் சுங்கவரிப் பட்டியல்களைக் கொண்டு பொருளியலார் ஆராய்ந்துள்ளனர். அதே வினாவை ஒப்பந்தங்களின் இறுதியில் வரும் மொழி விதியைக் கொண்டும் ஆராயலாம். எந்த மொழியின் வாசகம் செல்லும், ஐயம் எழுந்தால் எந்த வாசகம் முடிவு கூறும் என்று சொல்லும் அவ்விரண்டு மூன்று வரிகளைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. மொழிபெயர்ப்பாளருக்கோ எல்லாமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பதினொரு மொழிகளும் ஒரு மொழியும்

1991 டிசம்பர் 8 அன்று பெலவேஜா காட்டு மாளிகையில் ரஷ்யாவின் யெல்த்சினும் உக்ரைனின் கிராவ்சுக்கும் பெலாரஸின் ஷுஷ்கேவிச்சும் சோவியத் ஒன்றியம் இனி இல்லை என்று அறிவித்துக் கையொப்பமிட்ட உடன்படிக்கை, பெலாரஸ், ரஷ்யம், உக்ரைனியம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்டது. மூன்று வாசகங்களும் சம வலிமை உடையன என்றது அதன் இறுதி வரி. பதின்மூன்று நாள் கழித்து அல்மா-அத்தாவில் பதினொரு குடியரசுகள் கூடின. அங்குக் கையொப்பமான நெறிமுறை ஆவணம் அசர்பைஜானி, ஆர்மேனியம், பெலாரஸ், கஜக், கிர்கிஸ், மால்தோவியம், ரஷ்யம், தாஜிக், துருக்மேனியம், உஸ்பெக், உக்ரைனியம் எனப் பதினொரு மொழிகளைப் பெயர் சுட்டி, அனைத்து வாசகங்களும் சம வலிமை உடையன என்றது. ரஷ்ய நெடுங்கணக்கின் அகரவரிசையில் அடுக்கப்பட்ட அப்பட்டியலில் ரஷ்யம் ஏழாவதாக நின்றது. ஏறத்தாழ எழுபது ஆண்டுக்கால ஒன்றியம் ஒன்று கலைந்தபோது பதினொரு மொழிகள் ஒரே வரிசையில் நின்ற காட்சி அது. (அப்பட்டியலில் உள்ள ‘மால்தோவியம்’ என்னும் பெயரும் நிலைக்கவில்லை. மால்தோவா 2023இல் சட்டம் இயற்றித் தன் ஆட்சிமொழியின் பெயரை ருமேனியம் என்று மாற்றிக்கொண்டது. மொழியொன்றின் பெயர் அரசியல் எல்லைக்கேற்ப மாறுவதற்கு இது நல்ல சான்று.)

இச்சமநிலை நீடித்த காலம் மிகக் குறைவு. 1993 ஜனவரி 22 அன்று மின்ஸ்க் நகரில் ஏற்கப்பட்ட அமைப்பு விதிகளின் 35ஆம் விதி, கூட்டமைப்பின் பணிமொழி ரஷ்யம் என்று ஒரே தொடரில் கூறி முடித்தது. அதன்பின் அக்கூட்டமைப்பின் உடன்படிக்கைகள் ரஷ்ய மொழியில் ஒரே மூலப்படியாக எழுதப்படுவது வழக்கமாயிற்று.

இதனை மாஸ்கோ திட்டமிட்டுத் திணித்தது என்று மட்டும் கூறிவிட இயலாது. புதிய குடியரசுகளின் அதிகாரிகள் பலரும் ரஷ்யத்தில் கல்வி கற்றவர்கள். சட்ட வரைவு, சுங்கம், தரக்கட்டுப்பாடு, இரயில் கட்டணம் ஆகியவற்றுக்கான கலைச்சொற்களை அவர்கள் அறிந்திருந்ததும் ரஷ்யத்தில்தான். தாஷ்கண்ட் அதிகாரியும் கீவ் அதிகாரியும் பேசிக்கொள்ள வேறு மொழி இல்லை. மேலும், அந்த ஆண்டுகளில் ரஷ்யாவின் வெளியுறவுக் கொள்கையே ஒருங்கிணைப்பை நோக்கியிருந்தது எனல் கடினம். யெல்த்சினின் முதல் வெளியுறவு அமைச்சர் கோசிரெவ் மேற்கு நாடுகளையே பெரிதும் நோக்கினார். பொருளாதாரச் சீர்திருத்தக்காரர்களுக்கு மற்றக் குடியரசுகள் செலவாகத் தெரிந்தன. 1993 ஜூலையில் ரஷ்ய மத்திய வங்கி பழைய ரூபிள் தாள்களைத் திரும்பப் பெற்றதும் பொது நாணயப் பகுதி சிதைந்தது. அதே ஆண்டு நவம்பரில் கஜகஸ்தான் தன் சொந்த நாணயமான தெங்கேயை வெளியிட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நடுவில், செப்டம்பர் 24 அன்று, பொருளாதார ஒன்றியத்தை அமைக்கும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையொப்பமானது என்பதே அக்காலத்தின் குழப்பத்தைக் காட்டும். 1994 ஏப்ரலில் கையொப்பமான தடையிலா வணிக உடன்படிக்கையை ரஷ்யா ஏற்புறுதி செய்யவே இல்லை. காகிதத்தில் ஒன்றியங்கள் பெருகின. எல்லைகளில் சுங்கச் சாவடிகளும் பெருகின.

நட்பு, பொதுமை, கட்டு

இவ்வமைப்புகளுக்கு இட்ட பெயர்களை அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஒரு வரிசை புலப்படும். 1991இன் அமைப்பு ‘சத்ரூஜெஸ்த்வா’. ‘த்ரூக்’ என்றால் நண்பர். ‘ச’ என்பது உடன் என்னும் பொருள்தரும் முன்னொட்டு. பிரிட்டிஷ் காமன்வெல்த்தை ரஷ்யர் இச்சொல்லாலேயே குறித்தனர். ஆதலால் ஆங்கிலத்தில் காமன்வெல்த் என்று பெயர்த்ததும், அதன் வழியே தமிழில் ‘சுதந்திர நாடுகளின் காமன்வெல்த்’ என வந்ததும் பிழை ஆகா. ஆனால் அச்சொல்லுக்கு ரஷ்யத்தில் வேறொரு நினைவும் உண்டு. பிரெஷ்னெவ் காலத்தில் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் அடங்கிய அணியைச் ‘சோஷலிஸ்ட் சத்ரூஜெஸ்த்வா’ என்றே மாஸ்கோ அழைத்தது. பிராக் நகரத்தார் அச்சொல்லைக் கேட்டு நண்பரை நினைத்திருக்க மாட்டார்கள். ஆங்கிலச் சொல்லிலும் தமிழ்ச் சொல்லிலும் இந்நினைவு இல்லை.

கஜக் மொழி இச்சொல்லை உறுப்பு உறுப்பாகப் பெயர்த்தது: ‘தொஸ்தஸ்திக்’. ‘தொஸ்’ என்றால் நண்பர். பாரசீகத்திலிருந்து சென்ற இச்சொல்தான் சென்னைப் பேச்சுவழக்கில் ‘தோஸ்த்’ என நிற்கிறது. ‘தஸ்’ என்பது உடன்மை காட்டும் பின்னொட்டு. ரஷ்யத்தின் முன்னொட்டுச் செய்யும் பணியைக் கஜக்கில் பின்னொட்டுச் செய்கிறது. உக்ரைனியமும் பெலாரஸும் நட்பு என்னும் அடிச்சொல்லிலிருந்தே தத்தம் வடிவங்களை அமைத்துக்கொண்டன.

பெலாரஸுடன் ரஷ்யா செய்துகொண்ட ஒப்பந்தங்களில் இவ்வரிசை ஏணிப்படி போல் ஏறுகிறது. 1996 ஏப்ரல் 2 அன்று இரு நாடுகளும் ‘சஓப்ஷெஸ்த்வா’ அமைத்தன. ‘ஓப்ஷிய்’ என்றால் பொது. சரியாக ஓராண்டு கழித்து அது ‘சயூஸ்’ ஆயிற்று. 1999 டிசம்பர் 8 அன்று, பெலவேஜா உடன்படிக்கையின் எட்டாம் ஆண்டு நாளில், ‘சயூஸ்னயெ கசுதார்ஸ்த்வா’ ஆயிற்று. அதாவது ஒன்றிய அரசு. ‘சயூஸ்’ என்பதிலும் அதே முன்னொட்டு உண்டு. எஞ்சும் ‘ஊஸ்’ கட்டு, தளை என்னும் பொருளுடைய பழைய வேர். உடன் நட்பு, உடன் பொதுமை, உடன் கட்டு என மூன்று சொற்களும் ஒரே முன்னொட்டில் நின்று, பிணைப்பை மேன்மேலும் இறுக்குகின்றன. உண்மை நிகழ்ச்சிகள் அந்த அளவுக்கு இறுகவில்லை. ஒன்றிய அரசுக்கு ஒரே நாணயம் வரும் என்ற உறுதி இன்றுவரை நிறைவேறவில்லை.

பெலாரஸில் மொழியும் பொருளாதாரமும் ஒரே வாக்குச்சீட்டில் இடம்பெற்றன என்பது மொழித் திட்டமிடல் வரலாற்றில் தனியே குறிக்கத்தக்கது. 1995 மே 14 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் நான்கு வினாக்கள் கேட்கப்பட்டன. ரஷ்யத்துக்குப் பெலாரஸ் மொழிக்கு இணையான தகுதி அளிப்பது ஒன்று. ரஷ்யாவுடன் பொருளாதார ஒருங்கிணைப்பை நோக்கிய குடியரசுத் தலைவரின் நடவடிக்கைகளை ஆதரிப்பது மற்றொன்று. கொடியும் சின்னமும் மாறுவது, நாடாளுமன்றத்தைக் கலைக்கும் உரிமை ஆகியவை ஏனைய இரண்டு. மொழி வினாவுக்கும் ஒருங்கிணைப்பு வினாவுக்கும் வாக்களித்தோரில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இசைவு அளித்ததாக அறிவிக்கப்பட்டது. 1990இல் தனி ஆட்சிமொழியான பெலாரஸ், ஐந்தே ஆண்டுகளில் இரண்டில் ஒன்றாயிற்று. அலுவலகங்களில் விரைவில் இரண்டாவதாயிற்று. 1999 ஒப்பந்தம் இரு மொழிகளையும் ஒன்றிய அரசின் அலுவல் மொழிகள் என்றது. அடுத்த தொடரில், அதன் உறுப்புகளில் பணிமொழியாக ரஷ்யம் பயன்படும் என்றது.

‘யூரேசிய’ என்னும் அடைமொழியை இவ்வரிசையில் சேர்த்தவர் ரஷ்யர் அல்லர். கஜகஸ்தானின் நசர்பாயெவ் 1994 மார்ச் 29 அன்று மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் ‘யூரேசிய ஒன்றியம்’ ஒன்றை முன்மொழிந்தார். ரஷ்யா என்னும் பெயரைச் சொல்லாமல் ரஷ்யாவோடு இணைய அச்சொல் வழி தந்தது. அவ்வகையில் அது ஒரு சிறிய நாட்டின் நுட்பமான சொல்லாட்சி. அன்று மாஸ்கோ அதற்குச் செவிசாய்க்கவில்லை. 1995 செப்டம்பரில் யெல்த்சின் ஒப்பமிட்ட ஆணை, இப்பகுதி முதன்மையாக ரஷ்யாவின் நலன்களுக்குரிய மண்டலம் என்பதைப் பிற நாடுகள் உணரச் செய்ய வேண்டும் என்றது. ‘ப்ளீஷ்னியெ சருபேஷியெ’, அதாவது அருகிலுள்ள அயல்நாடு, என்னும் தொடர் பரவியதும் அக்காலத்தில்தான். ‘ரூபேஷ்’ என்பது எல்லை; எல்லைக்கு அப்பால் உள்ளது அயல்நாடு. அதற்கு ‘அருகிலுள்ள’ என்று அடை கொடுத்தால், மற்றவை முழு அயல், இவை பாதி அயல் என்னும் உட்பொருள் தோன்றிவிடுகிறது. புதிய குடியரசுகள் அத்தொடரை வெறுத்தது வியப்பன்று.

2000 அக்டோபர் 10 அன்று ஐந்து நாடுகள் யூரேசியப் பொருளாதாரச் சமுதாயத்தை அமைத்தன. பெயரில் ‘சஓப்ஷெஸ்த்வா’ இருந்தது. 2007 அக்டோபரில் துஷான்பேயில் ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான் மூன்றும் சுங்க ஒன்றியத்துக்கு ஒப்பின. 2010 ஜனவரி 1 முதல் ஒரே வெளிச்சுங்கவரி நடைமுறைக்கு வந்தது. 2011 ஜூலையில் உள் எல்லைகளில் சுங்கச் சோதனை நீங்கியது. இருபது ஆண்டுக்காலக் காகித ஒன்றியங்களுக்குப் பின் உண்மையாகவே செயற்பட்ட முதல் அமைப்பு இதுவே. 2011 அக்டோபரில் பூத்தின் ‘இஸ்வெஸ்தியா’ நாளேட்டில் எழுதிய கட்டுரை, இதனை யூரேசிய ஒன்றியமாக வளர்க்கும் நோக்கத்தை அறிவித்தது. பழைய சோவியத் ஒன்றியத்தை மீட்கும் முயற்சி அன்று என்றும் அதிலேயே அவர் மறுத்தார். அம்மறுப்புத் தேவைப்பட்டதற்குச் சொல்லும் ஒரு காரணம். ‘சவியெத்ஸ்கிய் சயூஸ்’ என்பதில் உள்ள அதே ‘சயூஸ்’ இங்கும் நிற்கிறது. கஜக்கில் சோவியத் ஒன்றியம் ‘ஒடாக்’. புதிய ஒன்றியமும் ‘ஒடாக்’. ஐரோப்பிய ஒன்றியத்தைக் குறிக்கவும் இம்மொழிகளில் இச்சொற்களே வழங்குவதால், கேட்போர் தாம் விரும்பும் முன்மாதிரியை எண்ணிக்கொள்ள இடம் இருந்தது. மாஸ்கோவில் ஒருவர் பழையதை எண்ணலாம். அஸ்தானாவில் ஒருவர் பிரஸ்ஸல்ஸை எண்ணலாம்.

பெயரின் நடுவில் ‘பொருளாதார’ என்னும் சொல் நின்றதும் வாதாடிப் பெற்றதே. பொதுக் குடியுரிமை, வெளியுறவுக் கொள்கை, நாடாளுமன்றங்களின் கூட்டு, எல்லைக் காவல் ஆகியவை வரைவிலிருந்து நீங்கக் கஜகஸ்தானின் வற்புறுத்தலே முதன்மைக் காரணம்.

வாக்கும் வாசகமும்

ரஷ்யக் கொள்கையை ஆராய்வோர் பெரும்பாலும் கவனியாது விடும் ஒரு முரண் இங்குத்தான் உள்ளது. 2000ஆம் ஆண்டின் சமுதாயத்தில் வாக்குகள் பணப்பங்குக்கு ஏற்ப அமைந்தன: ரஷ்யாவுக்கு 40 விழுக்காடு, பெலாரஸுக்கும் கஜகஸ்தானுக்கும் 20, கிர்கிஸ்தானுக்கும் தாஜிகிஸ்தானுக்கும் 10. சுங்க ஒன்றிய ஆணையத்தில் இது இன்னும் சாய்ந்தது: ரஷ்யாவுக்கு 57, மற்ற இருவருக்கும் தலா 21.5. ஆனால் 2012இல் பணி தொடங்கிய யூரேசியப் பொருளாதார ஆணையத்தில் இவ்வெடைமுறை கைவிடப்பட்டது. ஆணையத்தின் மன்றத்தில் நாட்டுக்கு ஒரு துணைத் தலைமை அமைச்சர்; முடிவு ஒருமித்த கருத்தால். செயற்குழுவிலும் நாடுகளுக்குச் சம எண்ணிக்கையில் உறுப்பினர். ஒன்றியத்தின் மொத்த உற்பத்தியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் தன்னுடையதாகக் கொண்ட நாடு, வாக்கில் மற்றவரோடு சமமாக அமர ஒப்பியது. இதனை வெறும் ஒப்பனை என்று தள்ளுவது நேர்மையாகாது. சிறிய நாடுகள் அவ்வாக்கைக் கொண்டு பலமுறை முடிவுகளைத் தடுத்துள்ளன.

வாக்கு இவ்வாறு சமத்தை நோக்கி நகர்ந்த அதே காலத்தில் வாசகம் எதிர்த்திசையில் நகர்ந்தது. 2014 ஒப்பந்தத்தின் இறுதி வரி, அது பெலாரஸ், கஜக், ரஷ்ய மொழிகளில் எழுதப்பட்டது என்றும், எல்லா வாசகங்களும் சம வலிமை உடையன என்றும் கூறுகிறது. 1991இன் தொடரே இது. ஆனால் அடுத்து ஒரு தொடர் உண்டு: பொருள்கோளில் கருத்து வேறுபாடு எழுந்தால் ரஷ்ய வாசகமே கொள்ளப்படும். 110ஆம் விதி இன்னும் விரிவாகப் பேசுகிறது. ஒன்றியத்தின் உறுப்புகளுக்குப் பணிமொழி ரஷ்யம். ஒன்றியத்துக்குள் செய்யப்படும் உடன்படிக்கைகளும் ஆணையத்தின் கட்டுப்படுத்தும் முடிவுகளும் ரஷ்யத்தில் ஏற்கப்படும். உறுப்பு நாட்டின் சட்டம் வேண்டுமாயின் பின்னர் அந்நாட்டு மொழியில் பெயர்க்கப்படும். அதற்கான செலவு ஒன்றியத்தின் வரவுசெலவுத் திட்டத்தில். ஐயம் எழுந்தால் இங்கும் ரஷ்யமே முடிவு.

1969இன் வியன்னா ஒப்பந்தச் சட்டத்தின் 33ஆம் விதி இத்தகைய ஏற்பாட்டை அனுமதிக்கிறது. ஆகவே இதில் சட்டக் குறை ஏதும் இல்லை. இந்தியாவுக்கும் இது புதிதன்று. நாடாளுமன்றச் சட்டங்களுக்கு ஆங்கில வாசகமே சான்று என்பது அரசியலமைப்பின் 348ஆம் விதி; தமிழ் உள்ளிட்ட மொழிகளின் பெயர்ப்புகளுக்குச் சான்றுநிலை அளிக்க 1973இல் தனிச்சட்டமே வேண்டியிருந்தது. எனினும் ஒரு நாட்டின் உட்சட்டத்துக்கும் நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தத்துக்கும் வேறுபாடு உண்டு. ஆங்கிலம் இந்தியக் கூட்டாட்சியில் எந்த ஒரு மாநிலத்தின் சொந்த மொழியும் அன்று. ரஷ்யமோ ஒப்பந்தத் தரப்பினருள் ஒருவரின் மொழி. சம வலிமை என்று கூறிய தொடரை அடுத்த தொடர் வெறுமையாக்கிவிடுகிறது. கஜக் மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு நுட்பமாகப் பெயர்த்தாலும் அவர் வாசகம் ரஷ்ய வாசகத்தைத் திருத்த இயலாது. ஐரோப்பிய நீதிமன்றமோ 1982இல் ஒரு வழக்கில், சமுதாயச் சட்டத்தை விளக்கும்போது பல மொழி வாசகங்களையும் ஒப்பிட்டு நோக்க வேண்டும் என்று நெறி வகுத்தது. அங்கு மொழிபெயர்ப்பு என்பது சட்டத்தின் ஒரு கூறு. இங்கு அது அறிவிப்புப் பலகை.

உக்ரைனின் வரலாறு இவ்விரு முறைகளையும் அருகருகே காட்டுகிறது. 2003 செப்டம்பரில் யால்தாவில் ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான் ஆகியவற்றோடு ‘ஒற்றைப் பொருளாதார வெளி’ உடன்படிக்கையில் ஒப்பமிட்ட உக்ரைன், அதற்குமேல் செல்லவில்லை. 2013 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்துடனான இணைவு உடன்படிக்கையை யானுகோவிச் அரசு ஒத்திவைத்ததும் கீவ் நகரில் எழுந்த கிளர்ச்சியும், 2014இல் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டதும், 2022 பிப்ரவரி 24இல் தொடங்கிய முழுப்போரும் உலகறிந்தவை. அவற்றுக்கு மொழி விதி காரணம் என்பது நகைப்புக்கிடமாகும். ஆனால் 2014இல் கையொப்பமான அவ்விணைவு உடன்படிக்கையின் இறுதி வரியில், ஐரோப்பிய ஒன்றிய மொழிகளுக்கு நிகராக உக்ரைனியமும் சான்று மொழியாக நிற்கிறது. அதன்பின் எந்த மொழிக்கும் முதன்மை தரும் தொடர் இல்லை என்பது உண்மை. யூரேசிய ஒன்றியத்தில் 2015 ஜனவரியில் சேர்ந்த ஆர்மேனியாவின் மொழிக்கும், ஆகஸ்டில் சேர்ந்த கிர்கிஸ்தானின் மொழிக்கும் 2014 ஒப்பந்தத்தின் இறுதி வரியில் இடமே இல்லை.

மொழிபெயர்ப்பாளர் முன் நிற்கும் சொற்கள்

ஒருங்கிணைப்பு என்னும் கருத்துக்கே உறுப்பு நாடுகளின் மொழிகள் வெவ்வேறு உருவம் தந்துள்ளன. ரஷ்யமும் பெலாரஸும் இலத்தீன் வழி வந்த ‘இன்தெக்ராத்ஸியா’வை அப்படியே ஆள்கின்றன. கஜக்கில் அதற்கு நிகராக ‘இக்பால்தஸ்திக்’ என்னும் ஆக்கச்சொல்லும் வழங்குகிறது. ‘இக்பால்’ என்பது அங்குச் செல்வாக்கு. முன்பு நட்பில் கண்ட உடன்மைப் பின்னொட்டே இங்கும் வந்துள்ளது. எனவே இச்சொல்லின் நேர்ப்பொருள் ஒருவர்மீது ஒருவர் செல்வாக்குச் செலுத்துதல். ரஷ்யச் சொல் முழுமையை நோக்குகிறது. கஜக் சொல் இருவழிப் போக்குவரத்தை நோக்குகிறது. துருபெத்ஸ்காயின் ‘மொழி ஒன்றிய’த்துக்கு நெருங்கியது கஜக் சொல்லே.

எழுத்தளவிலும் ஒரு வேடிக்கை உண்டு. சமுதாயம், ஒன்றியம் ஆகிய இரண்டுக்கும் ரஷ்யத்தில் முதலெழுத்து ஒன்றே. ஆகவே 2000இன் அமைப்பு 2015இல் கலைந்து ஒன்றியம் நடைமுறைக்கு வந்தபோது, பெயர்ச் சுருக்கத்தின் இறுதி எழுத்து மாறாமல் அதன் பொருள் மட்டும் மாறியது. பொருள்களின் உறைமீது பொறிக்கப்படும் ஒன்றியத்தின் தரக்குறி மூன்று எழுத்துகளால் ஆனது. மூன்றும் உருவத்தில் இலத்தீன் நெடுங்கணக்கிலும் சிரிலிக் நெடுங்கணக்கிலும் உள்ளவை. ஆங்கிலத்தில் ‘யூரேசிய இணக்கம்’ என்பதன் சுருக்கம் அது. ரஷ்யர் படித்தாலும் அதே பொருள் கிட்டும். அதே உறையில் உணவுப் பொருளின் விவரம் ரஷ்யத்தில் கட்டாயம். உறுப்பு நாட்டின் சட்டம் கோரினால் அந்நாட்டு மொழியிலும் வேண்டும் என்பது 2011இன் தொழில்நுட்ப விதி. 110ஆம் விதியின் அமைப்பு அப்படியே பிஸ்கட் உறைக்கு இறங்கி வந்துவிட்டது.

தமிழுக்கு இச்சொற்கள் வரும் வழி 1991க்குப் பின் மாறிவிட்டது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் இயங்கிய நாளில் ரஷ்யத்திலிருந்து நேரே தமிழுக்குப் பெயர்க்கும் அறிஞர் அங்கே இருந்து பணியாற்றினர். கூட்டுப்பண்ணை போன்ற சொற்கள் தமிழில் நிலைக்க அப்பணியும் உதவியது. இன்று பெரும்பாலும் ஆங்கிலம் வழியே பெறுகிறோம். இடையில் என்ன தொலைகிறது என்பதற்கு 2014 ஒப்பந்தமே சான்று. அதன் 2ஆம் விதி கொள்கைகளை மூவகையாகப் பகுக்கிறது. ஒன்றியத்தின் உறுப்புகள் எடுக்கும் முடிவுகள் உட்பட ஒரே சட்டவிதிகள் எல்லா நாடுகளிலும் செல்வது ‘யெதீனயா’. நாடுகளின் சட்டங்களை வேண்டிய அளவுக்கு இசைவித்துக்கொள்வது ‘சக்லசோவன்னயா’. ஒப்புக்கொண்ட பொது அணுகுமுறைகளின்படி ஒத்துழைப்பது மட்டும் ‘ஸ்கஅர்தினீரவன்னயா’. ‘யெதீன்’ என்பதன் அடியில் ஒன்று என்னும் எண்ணுப்பெயர் உள்ளது. ஐரோப்பிய வழக்கைப் பின்பற்றிய ஆங்கிலப் பெயர்ப்பு, ‘யெதீனிய்’ என்பதைப் பல இடங்களில் ‘பொது’ என்று தந்துவிட்டது. ‘ஓப்ஷிய்’ என்னும் சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ‘பொது’ என்பதே நிகர். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொணர்வோர் இரண்டையும் பொதுச் சுங்கவரி, பொது எரிவாயுச் சந்தை என்றே எழுதுவர்.

மூலத்தில் சுங்கவரி ‘யெதீனிய்’. எரிவாயுச் சந்தையும் எண்ணெய்ச் சந்தையும் ‘ஓப்ஷிய்’. முன்னதற்கு ஒற்றை, பின்னதற்குப் பொது, நடுவில் நிற்கும் ‘சக்லசோவன்னயா’வுக்கு இசைவித்த என்று தமிழில் வகுத்துக்கொள்வதில் இடர் ஏதும் இல்லை. இந்தியாவும் யூரேசியப் பொருளாதார ஒன்றியமும் தடையிலா வணிகப் பேச்சுக்கான வரையறைகளில் 2025 ஆகஸ்ட் 20 அன்று மாஸ்கோவில் கையொப்பமிட்டுள்ளமையால் இச்சொற்கள் இனி அடிக்கடி எதிர்ப்படும். உள்ளே ரஷ்யத்தை விட்டுக்கொடாத ஒன்றியம் வெளியாரோடு ஆங்கிலத்தில் ஒப்பமிடத் தயங்குவதில்லை. 2015இல் வியட்நாமுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலமே ஆங்கிலம்தான். அப்போது ‘ஒற்றை’யும் ‘பொது’வும் ஒரே சொல்லாகவே நம் மேசைக்கு வந்து சேரும். ஒற்றைச் சுங்கவரியோ 2010 முதல் சாவடிகளில் தண்டப்பட்டு வருகிறது. மருந்துச் சந்தை நீங்கலாகப் ‘பொது’ என்று பெயரிடப்பட்டவற்றின் நிலை வேறு. பொது எரிவாயுச் சந்தைக்கு ஒப்பந்தம் குறித்த இறுதி நாள் 2025 ஜனவரி 1. அந்நாள் வந்து போயிற்று, சந்தை வரவில்லை.